சின்னத்தின் பின்புறம்: குதிரைப்படை அடையாளங்கள் 27ஐ இனங்கண்ட பதிவு

காலமான ஒரு சேகரிப்பாளரின் குடும்பத்தினர் ஒரு பழைய தகரப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்து, அதில் இருப்பவை எந்தெந்தப் படைக்கு உரியவை என்று எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். பெட்டிக்குள் 27 உலோகச் சின்னங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பெரும்பாலானவை தொப்பியில் அணியும் சின்னங்கள். சில கழுத்துப்பட்டையில் குத்துபவை. ஐந்தாறு மட்டும் ஷோல்டர் டைட்டில் எனப்படும் தோள் எழுத்துகள். எல்லாமே குதிரைப்படை சார்ந்தவை என்று அவர் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை.

முதல் வாரம் முழுவதும் நான் அவற்றில் ஒன்றைக்கூடத் துடைக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தச் சேகரிப்பில் இருந்த ஒரு பித்தளைத் தோள் எழுத்தைப் பளபளக்கத் தேய்த்துவிட்டு, அதற்குரிய விலையைப் பின்னால் கொடுத்தேன். அதைப் பின்னர் சொல்கிறேன். அன்றிலிருந்து கற்றுக்கொண்டது இதுதான்: சின்னத்தின் முன்புறம் அது எந்தப் படை என்று சொல்லும், அது உண்மையானதா, எந்தக் காலத்தது, எப்படி அணியப்பட்டது என்பதைப் பின்புறம்தான் சொல்லும், அந்தப் பின்புறத்தின் அழுக்கும் ஒரு சாட்சி. ஆகவே படித்து முடிக்கும்வரை கை வைப்பதில்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனி அமிலமற்ற காகித உறையில் இட்டு, உறையின்மேல் மென்பென்சிலால் 1 முதல் 27 வரை எண்ணிட்டேன். பிறகு ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்தேன். விளக்கை மேலிருந்து நேராகக் காட்டினால் புடைப்பு எல்லாம் தட்டையாகிவிடும். மேசை மட்டத்துக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் தேய்ந்துபோன எழுத்துகூட நிழலால் எழுந்து நிற்கும். கண்ணால் படிக்க முடியாத மூன்று எழுத்துப்பட்டைகளை இந்தச் சாய்வொளிப் படங்களில்தான் படித்தேன். விளக்கின் திசையை நான்கு முறை மாற்றி நான்கு படங்கள் எடுப்பது நல்லது. ஒரு திசையில் மறையும் கோடு இன்னொரு திசையில் தெரியும்.

கருவிகள் என்று பார்த்தால் அதிகம் தேவைப்படவில்லை. 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், வெர்னியர் காலிப்பர், ஒரு கிராமில் நூறில் ஒரு பங்குவரை காட்டும் மின்னணுத் தராசு, ஒரு சிறு காந்தம், இவையே போதுமாக இருந்தன.

பிரிட்டிஷ் சின்னங்களில் முதலில் கண் செல்ல வேண்டிய இடம் கிரீடம். விக்டோரியா அரசி காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் பக்கவாட்டில் விரிந்து நடுவில் சற்றே தாழும். 1901க்குப் பிறகு வந்த டியூடர் கிரீடத்தில் வளைவுகள் தாழ்வின்றி ஒரு கூரைபோல் உருண்டு மேலெழும். 1952இல் இரண்டாம் எலிசபெத் பட்டத்துக்கு வந்தபின் புனித எட்வர்டு கிரீடம் வந்தது. அதன் வளைவுகள் இரு தோள்களாக உயர்ந்து நடுவில் நன்றாகப் பள்ளமாகும். மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் வடிவத்தையே தேர்ந்ததால், உருண்ட கிரீடம் என்றாலே 1953க்கு முந்தையது என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதும் வசதி இப்போது இல்லை. இன்றும் இயங்கும் படைகளின் சின்னங்களில் அது திரும்ப வரக்கூடும்.

4, 5 என்று எண்ணிட்ட இரண்டும் 9வது லான்சர்ஸ் என்னும் ஈட்டி ஏந்திய குதிரைப்படையின் தொப்பிச் சின்னங்கள்: குறுக்கிட்ட ஈட்டிகள், நடுவில் 9 என்னும் எண், மேலே கிரீடம், கீழே எழுத்துப்பட்டை. முதற்பார்வைக்கு இரட்டையர்போல இருந்தன. லென்ஸில் பார்த்தபோது 4இன் கிரீடம் உருண்டும் 5இன் கிரீடம் நடுவில் பள்ளமாகவும் இருந்தன. 9வது லான்சர்ஸ் 1960இல் 12வது லான்சர்ஸுடன் இணைக்கப்பட்டுத் தனிப்பெயரை இழந்தது. எனவே 5ஆம் சின்னத்துக்குரிய காலம் 1953க்கும் 1960க்கும் இடைப்பட்ட 7 ஆண்டுகள்தான். ஒரு கிரீடத்தின் வளைவும் ஒரு இணைப்பு ஆண்டும் சேர்ந்து ஒரு பொருளின் வயதை இவ்வளவு நெருக்கமாகச் சுட்டும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் குறையவில்லை.

ஆனால் கிரீடமே இல்லாத சின்னத்தை என்ன செய்வது? 11ஆம் சின்னம் அப்படிப்பட்டது. மண்டையோடு, குறுக்கெலும்புகள், அவற்றோடு ‘ஆர் குளோரி’ என்னும் எழுத்துப்பட்டை. மண்டையோட்டையும் சேர்த்துப் படித்தால் ‘மரணம் அல்லது புகழ்’ என்று பொருள் தரும். 1759இல் கனடாவின் கியூபெக்கில் நடந்த போரில் பிரிட்டிஷ் ஜெனரல் உல்ஃப் வீழ்ந்தார். அவர்கீழ்ப் பணியாற்றிய ஜான் ஹேல் அதே ஆண்டில் திரட்டிய படை இந்தச் சின்னத்தை ஏற்றது. அதுவே பின்னர் 17வது லான்சர்ஸ் ஆயிற்று. 1922இல் இது 21வது லான்சர்ஸுடன் இணைந்து 17/21வது லான்சர்ஸ் ஆனபோதும் தொப்பியில் மண்டையோடே தொடர்ந்தது. அதாவது முன்புறத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் 1922க்கு முந்தையதா பிந்தையதா என்று தெரியாது. அதோடு, பலரும் விரும்பும் சின்னம் என்பதால் போலிகளும் இதில் மிகுதி.

ஆகவே பின்புறம். உண்மையான தொப்பிச் சின்னங்கள் பெரும்பாலும் மேலச்சுக்கும் கீழச்சுக்கும் இடையே தகட்டை வைத்து அடித்துச் செய்யப்பட்டவை. அதனால் முன்புறத்தில் எங்கே புடைப்போ பின்புறத்தில் அங்கே குழி இருக்கும். கண்குழிகள் பின்னால் மேடாகத் தெரியும். வெட்டப்பட்ட ஓரம் கூர்மையாக, மேலிருந்து கீழாக மெல்லிய இணைகோடுகளுடன் இருக்கும். வார்த்த போலியின் பின்புறமோ தட்டையாகவோ மேடுபள்ளம் மங்கியோ இருக்கும். லென்ஸில் பார்த்தால் மணல் தூவியதுபோன்ற நுண்குழிகளும் குமிழ்த் தடங்களும் தெரியும். ஓரத்தில் அரம் போட்ட கீறல் தாறுமாறாக ஓடும். 11ஆம் சின்னத்தின் பின்புறம் முன்புறத்தை அப்படியே எதிரொலித்தது. எலும்புகளுக்கும் மண்டையோட்டுக்கும் இடையிலுள்ள வெற்றிடங்கள் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தன.

கண்ணை மட்டும் நம்ப மனம் வராததால் அடர்த்தியையும் அளந்தேன். முறை எளியது. தராசின்மேல் ஒரு குவளை நீரை வைத்து, காட்டும் எடையைச் சுழியமாக்க வேண்டும். சின்னத்தை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல் நீருக்குள் முழுக்கத் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே சின்னத்தின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காற்றில் எடுத்த எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பின்புறக் குழிகளில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டால் கணக்கு பிசகும். நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசலைச் சேர்த்து, சின்னத்தைச் சாய்த்து இறக்கினால் குமிழ் நிற்பதில்லை. கூடவே, சின்னம் இரு உலோகங்களால் ஆனதா என்பதையும் பற்றவைக்கும் உலோகமான பற்றாசு எவ்வளவு இருக்கிறது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். கிடைப்பது ஒட்டுமொத்தச் சராசரிதான்.

11ஆம் சின்னம் காற்றில் 14.62 கிராம், நீரில் தொங்கியபோது தராசு காட்டியது 1.68. அடர்த்தி 8.70. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த வெண்ணுலோகத்துக்கு இது பொருந்தும். அடுத்து 12ஆம் சின்னத்தை இறக்கினேன். அது 21வது லான்சர்ஸின் சின்னம்: குறுக்கிட்ட ஈட்டிகள், கிரீடம், 1898இல் ‘இந்தியப் பேரரசியின்’ என்னும் பட்டம் பெற்ற அந்தப் படைக்குரிய விக்டோரியா அரசியின் பெயர் முதலெழுத்துகள். அதே ஆண்டில் சூடானின் ஓம்துர்மான் போரில் பாய்ந்த படை என்பதால் இதை மிகவும் எதிர்பார்த்திருந்தேன். எடை 21.75, கன அளவு 3.00, அடர்த்தி 7.25. பித்தளைக்கு 8.5 அளவில் வர வேண்டும். 7.25 என்பது வெள்ளீயம், துத்தநாகம் போன்ற எளிதில் உருகும் உலோகங்களின் பக்கம் நிற்கும் எண். பொன்னிறம் மேற்பூச்சு மட்டுமே. பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தபோது நுண்குழிகள் நிறைந்திருந்தன. சந்தேகத்துக்கு இடமில்லாத வார்ப்புப் போலி. எண்ணைப் பார்த்தபின்தான் என் கண் குழிகளை ஒப்புக்கொண்டது என்பதையும் இங்கே பதிந்துவிட வேண்டும். விரும்பிய பொருளைப் பார்க்கும்போது கண் எளிதில் வளைந்துகொடுக்கிறது.

மூன்றாவதாக ஒரு பளபளப்பான சின்னம் 4.05 கிராம், 1.50 கன சென்டிமீட்டர், அடர்த்தி 2.70 என்று வந்தது. அது அலுமினியம். போலி என்று ஒதுக்கிவிடக் கூடாது. 1950களிலிருந்து பிரிட்டிஷ் படையில் துலக்கத் தேவையில்லாத, நிறமேற்றிய ஆனோடைஸ்டு அலுமினியச் சின்னங்கள் முறையாகவே வழங்கப்பட்டன. சேகரிப்பாளர்கள் இதை ஸ்டேபிரைட் என்பார்கள். கிரீடம் பள்ளமானதாக இருந்தது, காலம் பொருந்தியது.

மீண்டும் 11க்கு வருகிறேன். அதன் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு ஸ்லைடர், அதாவது தொப்பியின் துணியில் செருகும் தகட்டு நாக்கு, பற்றவைக்கப்பட்டிருந்தது. பழைய முறை இரண்டு கம்பி வளையங்கள். அவற்றை லக் என்பார்கள். துணியின் பின்னால் அந்த வளையங்களுக்குள் ஒரு பிளவு ஊசியைச் செருகி நிறுத்துவார்கள். ஸ்லைடர் பரவியது 20ஆம் நூற்றாண்டில். ஆனால் லக் வைப்பது அதனால் நின்றுவிடவில்லை. ஆகவே லக் இருந்தால் பழையது என்ற சூத்திரம் செல்லாது. கிரீடமும் கட்டமைப்பும் உலோகமும் ஒன்றோடொன்று முரண்படாமல் இருக்கின்றனவா என்பதே கேள்வி. என் சின்னத்தின் ஸ்லைடரைச் சுற்றியிருந்த பற்று பழுத்து, சுற்றியுள்ள உலோகத்தின் நிறத்தோடு ஒன்றியிருந்தது. நாக்கின் நுனி நெடுநாள் துணியில் உரசி மழுங்கியிருந்தது. பதிவேட்டில் இப்படி எழுதினேன்: “அச்சில் அடித்தது, உண்மையானது, 17வது லான்சர்ஸ் அல்லது 17/21வது லான்சர்ஸ், 20ஆம் நூற்றாண்டு.” அதற்குமேல் ஒரு சொல் எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

இன்னொரு வகைச் சிக்கல் 8ஆம் எண்ணில் காத்திருந்தது. வெண்ணுலோகத்தில் பாயும் குதிரை. கீழிருந்த பித்தளை எழுத்துப்பட்டையின் பெரும்பகுதி உடைந்து போயிருந்தது. ஹனோவர் அரசகுலத்தின் வெள்ளைக் குதிரை என்பதில் ஐயமில்லை. கென்ட் மாவட்டப் படைகளின் ‘இன்விக்டா’ குதிரை பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். இது நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது. 3வது ஹஸ்ஸார்ஸ் குதிரைப்படை இதை அணிந்தது. ஆனால் காலாட்படைகளான வெஸ்ட் யார்க்‌ஷயரும் லிவர்பூலின் கிங்ஸ் ரெஜிமென்டும் இதையே அணிந்தன. பெட்டிக்காரர் குதிரைப்படை என்று குறித்திருந்தார் என்பது ஒரு சான்றே ஆகாது; குதிரையின் உருவம் குதிரைப்படைக்குச் சான்றாகாது என்பதுபோலவே.

உடைந்த பட்டையின் வலது முனையில் ஒரு நகக்கண் அளவு துண்டு மட்டும் ஒட்டியிருந்தது. கடினமான கறுப்புப் படிவு அதை மூடியிருந்தது. அதைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்து, மூங்கில் குச்சியின் முனையைச் சீவி, அரைமணி நேரம் பொறுமையாக நெருடினேன். சாய்வொளியில் இரண்டு எழுத்துகள் எழுந்தன: ஆர், எஸ். தெளிவான பெரிய எழுத்துகள். வெஸ்ட் யார்க்‌ஷயர் என்னும் சொல்லின் இறுதி எஸ் அல்ல. கிங்ஸ் ரெஜிமென்டின் சொல் எஸ்ஸில் முடியுமாயினும் அது வளைவும் முனையும் கொண்ட பழைய ஆங்கிலப் பாணி எழுத்தில் இருக்கும். முன்னெழுத்தும் ஆர் அல்ல. ஹஸ்ஸார்ஸ் என்பதுதான் ஆர், எஸ் என்று முடியும். நகக்கண் அளவு பித்தளை 3வது ஹஸ்ஸார்ஸை மீட்டுத் தந்தது. முதல் நாளே இதைத் திரவத்தில் ஊறவைத்திருந்தால், ஏற்கெனவே நைந்திருந்த அந்தத் துண்டு கழன்று வடிகாலில் போயிருக்கும்.

மூன்று இறகுகளைக் கொண்ட வேல்ஸ் இளவரசர் சின்னங்கள் மூன்று இருந்தன. இறகு மட்டும் எதையும் நிறுவாது. 10வது ஹஸ்ஸார்ஸ், 12வது லான்சர்ஸ், 3வது டிராகூன் கார்ட்ஸ் ஆகிய குதிரைப்படைகள் மட்டுமல்ல, மிடில்செக்ஸ் ரெஜிமென்டு போன்ற காலாட்படைகளும் அதை அணிந்தன. எழுத்துப்பட்டை இருந்த இரண்டைப் பெயரிட்டேன்; மூன்றாவதைப் பெயரிடவில்லை. 14வது ஹஸ்ஸார்ஸின் பிரஷ்யக் கழுகு ஒன்றும் இருந்தது. பிரஷ்ய இளவரசி ஒருவரின் பெயரோடு அந்தப் படைக்கு வந்த இந்தக் கழுகு, ஜெர்மனியோடு போர் மூண்ட காலத்தில் விலக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் ஏற்கப்பட்டது. பறவையிலேயே குழம்ப வாய்ப்புண்டு: ராயல் ஸ்காட்ஸ் கிரேஸ் அணியும் கழுகு வாட்டர்லூவில் சார்ஜன்ட் யூவார்ட் பிரெஞ்சு 45வது படையிடமிருந்து கைப்பற்றிய கொடிக்கம்பத்தின் கழுகு; அதன் பீடத்திலோ பட்டையிலோ வாட்டர்லூ என்ற சொல்லைத் தேட வேண்டும்.

அமெரிக்கக் குதிரைப்படையின் வெண்கல வட்டு ஒன்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உறையிலிட்ட இரு வாள்கள் குறுக்கே, மேலே படை எண் 7, கீழே துருப்பின் எழுத்து, பின்னால் திருகுமரை. வாளின் வெட்டுமுனை மேல்நோக்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன், இருந்தது.

இந்தியக் குதிரைப்படை சார்ந்தவை எனக்கு மிக நெருக்கமானவை. மிகவும் கடினமானவையும் அவைதான். காரணம் எண்கள். 1903இல், கிச்சனர் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த காலத்தில், எல்லாப் படைகளுக்கும் புதிய எண் கொடுக்கப்பட்டது. 1921, 1922 ஆண்டுகளில் 39 படைகள் இணைக்கப்பட்டு 21 ஆகக் குறைந்து, மீண்டும் எண் மாறியது. 33, 34ஆம் எண்கள் சேர்ந்து 17வது பூனா ஹார்ஸ் ஆயின. 35, 36 சேர்ந்து 14வது சிந்து ஹார்ஸ். 20, 29 சேர்ந்து 9வது தக்காண ஹார்ஸ். 1776வரை தன் வரலாறு பின்னோக்கிச் செல்லும் பழைய மதராஸ் குதிரைப்படை 27வது இலகு குதிரைப்படையாக இருந்து 16வது இலகு குதிரைப்படை ஆயிற்று. 1903க்கும் 1921க்கும் இடையில் 16வது என்று அழைக்கப்பட்ட படை வேறொன்று. அது 13வதோடு இணைந்து 6வது லான்சர்ஸ் ஆகிவிட்டது. இவை போதாதென்று பிரிட்டிஷ் படையிலும் ஒரு 16வது லான்சர்ஸ் இருந்தது.

19ஆம் உறையில் இருந்தது பித்தளையில் வெட்டிய 16 என்னும் எண் மட்டும். பின்னால் இரண்டு லக்; வேறு குறி ஏதும் இல்லை. எனக்குள் இருக்கும் ஆசை அதை மதராஸ் குதிரைப்படைக்கு எழுதச் சொன்னது. பதிவேட்டில் மூன்று படைகளையும் சம உரிமையோடு எழுதி, ‘முடிவாகவில்லை’ என்று குறித்தேன். எழுதிவைத்த பொய் உண்மையைவிட நீண்ட காலம் வாழும்; அடுத்த கைக்குப் போகும்போது என் எழுத்தே ஆதாரமாகிவிடும்.

1947இல் எஞ்சியிருந்த 18 படைகளில் 12 இந்தியாவுக்கும் 6 பாகிஸ்தானுக்கும் பிரிந்தன. 1950இல் இந்தியா குடியரசானதும் அரசப் பட்டங்கள் நீங்கி, கிரீடத்தின் இடத்தில் அசோகரின் சிங்கத் தலை வந்து அமர்ந்தது. அதனால் ஒரே படையின் இரு சின்னங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நாட்டின் வரலாறே அந்த ஒரு அங்குலத்தில் தெரியும். பெட்டியில் அப்படி ஒரு இணை இருந்தது. அவற்றை அடுத்தடுத்த உறைகளில் வைத்தேன். 23ஆம் எண் இருதலைப் பறவை. ரஷ்ய, ஆஸ்திரியப் பேரரசுகளின் கழுகோ என்று முதலில் ஐரோப்பாவில் தேடினேன்; ஒரு மாலை முழுவதும் அங்கேயே கழிந்தது. கீழிருந்த தேய்ந்த எழுத்து தேவநாகரி என்று சாய்வொளியில் தெரிந்த பிறகுதான் மைசூர் அரசின் கண்டபேருண்டம் நினைவுக்கு வந்தது. சமஸ்தானங்களின் குதிரைப்படைகளை ஒன்றாக்கி 1953இல் உருவாக்கிய, இன்றும் குதிரையேறும் 61வது கவல்ரியின் சின்னம் அது. 1918 செப்டம்பர் 23இல் ஹைஃபா நகரைக் கைப்பற்றிய குதிரைப்படைகளில் மைசூர் லான்சர்ஸும் உண்டு என்பதை எண்ணும்போது, அந்தப் பறவையை நான் ஐரோப்பாவில் தேடியது வருத்தமாகவே இருந்தது.

இனி, துலக்குவது பற்றி. முன்பு சொன்ன தோள் எழுத்தை நான் அமோனியா கலந்த மெருகுத் திரவத்தால் தேய்த்தேன். நன்றாகக் கழுவிவிட்டதாகத்தான் நினைத்தேன். எழுத்துகளின் மூலைகளில் வெண்மையான பசை தங்கியிருந்தது. சில மாதங்கள் கழித்து, தோளின் வளைவுக்கேற்ப வளைத்திருந்த இடத்தில் மயிரிழைபோல் ஒரு விரிசல் தெரிந்தது. பித்தளையும் அமோனியாவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைக் குதிரைப்படை வரலாறே நூறாண்டுக்கு முன் காட்டியிருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாகவே வெடித்துப் பிளந்தன. பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயர் வந்தது. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா நிறைந்த லாயங்களில் அவற்றை வைத்திருந்ததே காரணம். ஈரமும் அமோனியாவும், அச்சில் அழுத்தியபோது உலோகத்துக்குள் தங்கிவிட்ட இழுவிசையும் ஒன்றுசேர்ந்தால் பித்தளை பிளக்கும் என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். துத்தநாகம் குறைந்த, செம்பு மிகுந்த கலவைகள் இதற்குப் பெரிதும் தப்பிவிடும். அச்சில் அடித்து வளைத்த சின்னமும் தோட்டா உறையைப் போலவே உள்ளிழுவிசை கொண்டது. ஆகவே அமோனியா உள்ள எதுவும் இப்போது என் மேசையில் இல்லை. அமிலமும் இல்லை, அது மேல்மட்டத் துத்தநாகத்தைத் தின்று, பித்தளையைச் செம்புநிறத் திட்டுகளாக்கிவிடும்.

செய்தது இவ்வளவே: இளஞ்சூடான காய்ச்சி வடித்த நீர், சில துளி மென்சோப்பு, மென்மயிர்த் தூரிகை, பின் இருமுறை அலசல், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஒரு முக்கு, உடனே உலர்த்தல். பச்சைக் களிம்பு ஏறியிருந்த மூன்றில் மட்டும் மூங்கில் குச்சியால் களிம்பை உலர்வாகச் சுரண்டி எடுத்தேன். களிம்பை விட்டுவைத்தால் அரிப்பு தொடரும்; பழுப்புநிற மேற்படலத்தை எடுத்தால் வயது போய்விடும். இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கை தெரிந்துகொள்ளச் சிறிது காலம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலே நுண்படிக மெழுகை மெல்லியதாகப் பூசி, பருத்தித் துணியால் ஒற்றினேன்.

பழுது பார்த்தது ஒன்றே ஒன்று. 15ஆம் எண்ணான தோள் எழுத்தின் இரண்டு லக்குகளில் ஒன்று கழன்று பெட்டியின் அடியில் கிடந்தது. அதன் கால்தடம் பின்புறத்தில் தெளிவாக இருந்ததால் அது அதற்குரியதுதான் என்று உறுதி செய்ய முடிந்தது. வேறு எங்கிருந்தாவது எடுத்த லக் என்றால் தொட்டிருக்க மாட்டேன். ஆதியில் 600 பாகைக்கு மேல் உருகும் வெள்ளிப் பற்றாசால் வைத்தது அது. அந்தச் சூட்டில் மீண்டும் வைத்தால் தகடு முழுவதும் நிறம் மாறி, மற்ற லக்கும் இளகும். எனவே 183 பாகை செல்சியஸில் உருகும் வெள்ளீய, ஈயப் பற்றாசையும் அது ஓட உதவும் ரோசின் பிசினையும் எடுத்துக்கொண்டேன். மற்ற லக்கை ஈரப் பஞ்சால் சுற்றினேன். முதல் முயற்சி தோற்றது: பித்தளை சூட்டை நாற்புறமும் இழுத்துக்கொண்டதால் பற்றாசு ஓடாமல், சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று உறைந்தது, விரலால் தள்ளியதும் லக் பெயர்ந்தது. அதை வழித்தெடுத்துவிட்டு, அடியிலிருந்த செங்கல்லை ஏறக்குறைய 100 பாகைவரை சூடாக்கி, அதன்மேல் தோள் எழுத்தைக் குப்புற வைத்தேன். லக்கின் அடியில் முன்கூட்டியே மெல்லிய பற்றுப்பூச்சு கொடுத்து, சாமணத்தால் பழைய தடத்தின்மேல் நிறுத்தி, சூட்டுக்கோலை 4 விநாடி தொட்டேன். பற்றாசு பளிச்சென்று ஓடி, தடத்துக்குள்ளேயே நின்றது. எஞ்சிய ரோசினை ஆல்கஹாலால் எடுத்தேன். புதுப் பற்றின் சாம்பல் விளிம்பை மறைக்கவோ பழுப்பேற்றவோ இல்லை. அடுத்து இதைத் திருப்பிப் பார்ப்பவருக்குப் பழுது பார்த்த இடம் தெரிய வேண்டும். உறையிலும் நாளிட்டு எழுதியிருக்கிறேன்.

கம்பளித் துணி விரித்த பழைய தட்டங்களை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. கம்பளியின் கந்தகம் வெள்ளிப்பூச்சைக் கறுக்க வைக்கும். பிவிசி உறைகள் நாளடைவில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கசியவிடும். அமிலமற்ற காகித உறைகள், மூடி இறுக்கமான பாலிப்ரொப்பிலின் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், இவையே போதும். நிரந்தர எண் தேவைப்பட்ட நான்குக்கு, பின்புறத்தில் பாரலாய்டு பி-72 பூச்சின் ஒரு சிறு பட்டை இட்டு, அது உலர்ந்தபின் அதன்மேல் மையால் எழுதி, மேலே இன்னொரு பூச்சு கொடுத்தேன். அசிட்டோன் பஞ்சால் எப்போது வேண்டுமானாலும் முழுவதும் எடுத்துவிடலாம்.

பதிவேட்டில் ஒவ்வொரு சின்னத்துக்கும் நீளம், எடை, அடர்த்தி, பின்புற அமைப்பு, வந்த நிலை, செய்த வேலை, முடிவு, அந்த முடிவின் உறுதி ஆகியவை இடம்பெறுகின்றன. உறுதியாக 16, பெரும்பாலும் என்று 5, முடிவாகாதவை 2, போலிகள் 4. போலிகளையும் குடும்பத்தினருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன், உறைமீது ‘வார்ப்பு நகல்’ என்று எழுதி. அவற்றையும் அவர் விரும்பித்தான் சேர்த்திருப்பார். என் பழைய தோள் எழுத்தின் விரிசலை மாதத்துக்கு ஒருமுறை லென்ஸில் அளக்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது 3.1 மில்லிமீட்டர், கழுவி மெழுகிட்ட பிறகு அது நீளவில்லை.